தவுக்கேயின் கண் மதிப்பும் மாமாவின் கட்டிப்பாலும்: தரம் பிரிப்பது தப்பினால் விவசாயி என்ன செய்வார்?

மலேசியாவின் ஜொகூரில் குளுவாங் பக்கம் என் மாமாவுக்கு நாலு ஏக்கர் பால்மரம், அதாவது ரப்பர் மரம், இருக்கிறது. ஜூன் பள்ளி விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தோம். சிங்கப்பூரிலிருந்து ஜொகூர் போகும் பாலத்தில் மூன்று மணி நேரம் நெரிசலில் நின்ற கதை இங்கே வேண்டாம். மறுநாள் காலையில் மாமா மங்கிலிருந்து (மரத்தில் பால் பிடிக்கிற கிண்ணத்திலிருந்து) பிடுங்கிய கட்டிப்பாலைக் கொட்டகையில்கூட வைக்காமல், தண்ணீர் சொட்டச் சொட்ட நேராகச் சாக்கில் போட்டுக் கட்டினார். அந்த நாற்றத்தைப் பற்றித் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, தெரியாதவர்களுக்குச் சொல்லிப் புரிய வைக்க முடியாது. என் மகள் தோட்டத்து எல்லை வரை மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடிவிட்டாள்.

நான் புத்திசாலித்தனமாக ஒரு கேள்வி கேட்டேன். “மாமா, ரெண்டு மூணு நாள் வடிய விட்டா நல்லா காஞ்சு தரமா இருக்குமே?”

“வடிய விடலாம். வடியுற தண்ணிக்கு யாரு காசு கொடுப்பா, நீயா?”

பொருளியலில் ஒரு பெரிய விஷயத்தை மாமா அந்த ஒரு வரியில் சொல்லிவிட்டார். எனக்குத்தான் அது புரிய, வீட்டுக்கு வந்து ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. அந்தக் கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பொருளைப் பார்ப்போம். மரத்தின் பட்டையைக் கீறினால் மங்கில் வடியும் பால் தானாகவோ ஆசிட் ஊற்றியோ கட்டியாக உறையும். அதுதான் கட்டிப்பால். அதில் பாதி ரப்பர் என்றால் மீதி பெரும்பாலும் தண்ணீர், கொஞ்சம் மரப்பட்டை, மண், இலை. ஆலைக்கு வேண்டியது ரப்பர் மட்டும். அதனால் ‘டிஆர்சி’ என்று ஒரு சதவீதம் பேசுவார்கள்: நூறு கிலோ கட்டியில் காய்ந்த ரப்பர் எத்தனை கிலோ என்பது. மலேசியாவில் சிறுதோட்டக்காரர்களுக்கு அரசு உதவித்தொகை அறிவிக்கும்போதும் 50 சதவீத டிஆர்சி உள்ள கட்டிப்பாலுக்கு இவ்வளவு விலை என்றுதான் கணக்குப் பேசுவார்கள். ஆனால் கிராமத்தில் கொள்முதல் செய்கிற தவுக்கேயிடம், அதாவது வியாபாரியிடம், ஆய்வுக்கூடம் கிடையாது. அவரிடம் இருப்பது ஒரு தராசு, ஒரு கத்தி, நாற்பது வருட அனுபவம். ஒரு கட்டியை எடுத்து அழுத்திப் பார்ப்பார், வெட்டிப் பார்ப்பார், “அம்பது” என்பார். யார் கொண்டு போனாலும் பெரும்பாலும் அம்பதுதான்.

இப்போது கணக்கு. எண்கள் எல்லாம் விளக்கத்துக்காக நான் போட்டவை. மாமாவிடம் 100 கிலோ ஈரக் கட்டி, அதில் 50 கிலோ ரப்பர். காய்ந்த ரப்பர் கிலோ 6 ரிங்கிட் என்று வைப்போம். இன்றே விற்றால் தவுக்கே 50 சதவீதம் போடுவார், கையில் 300 ரிங்கிட். மூன்று நாள் வடிய விட்டால் 17 கிலோ தண்ணீர் போய் 83 கிலோ நிற்கும். உள்ளே இருப்பது அதே 50 கிலோ ரப்பர், ஆக உண்மையான டிஆர்சி 60. ஆனால் தவுக்கே அதற்கும் “அம்பது” என்றால்? 83-இல் பாதி 41.5 கிலோ, 249 ரிங்கிட். மூன்று நாள் காத்திருந்து, மழைக்கு மூடி வைத்து, அக்கம்பக்கத்து வசவையும் வாங்கியதற்கு மாமாவுக்குக் கிடைத்த பரிசு 51 ரிங்கிட் நட்டம்.

வடிய விடாதது சோம்பேறித்தனமா? அவர் இடத்தில் நான் இருந்தால் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றியிருப்பேன். சிலர் அதையும் செய்கிறார்கள். மரப்பட்டை, மண் எல்லாம் சேர்ந்தே எடை ஏறுகிறது. இந்தோனேசியாவிலும் தாய்லாந்திலும் மலேசியாவிலும் சிறுதோட்டத்து ரப்பரில் அழுக்கு ஏன் இவ்வளவு என்று ஆலைக்காரர்கள் காலம் காலமாகப் புலம்புகிறார்கள். அந்த அழுக்குக்கும் தாங்கள் எடை போட்டுக் காசு கொடுத்துக்கொண்டிருந்ததை அந்தப் புலம்பலில் சேர்ப்பதில்லை.

சரி, எல்லோருக்கும் அம்பது என்று சொல்லாமல் தவுக்கே உண்மையிலேயே தரம் பிரிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நல்லது ஒரு பக்கம், சுமார் ஒரு பக்கம். நல்லது என்று சொன்னால் ஒரு நடைக்கு 40 ரிங்கிட் கூடுதல். நல்லதாகக் கொண்டு வருவதற்கு விவசாயிக்கு ஆகும் கூடுதல் செலவும் அலுப்பும் சேர்த்து 20 ரிங்கிட். நாற்பதுக்கு இருபது, லாபம்தானே, எல்லோரும் நல்லதாகக் கொண்டு வருவார்கள் என்று தோன்றும். தவுக்கேயின் கண் தப்பவே தப்பாது என்றால் அப்படித்தான் நடக்கும்.

ஆனால் பத்தில் மூன்று முறை தப்புகிறது என்று வையுங்கள். நல்லதைச் சுமார் என்கிறார், சுமாரை நல்லது என்கிறார், இரண்டு பக்கமும் சமமாக. வேண்டுமென்று இல்லை, வெளிச்சம் சரியில்லை, அவசரம், கண்ணாடி மாற்ற வேண்டும். பத்து நடை நல்ல சரக்கு கொண்டு போனவருக்கு ஏழு முறை 40 கிடைக்கும், சராசரியாக நடைக்கு 28. கவலையே படாமல் சுமாரைக் கொண்டு போனவருக்கும் மூன்று முறை 40 விழும், சராசரி 12. உழைத்தவருக்கும் உழைக்காதவருக்கும் உள்ள வித்தியாசம் 28-இல் 12 போக 16 ரிங்கிட். செலவோ 20. உழைப்பது நட்டம். பத்துக்கு ஏழு முறை சரியாகச் சொல்கிறவரை நம் ஊரில் கெட்டிக்காரர் என்போம். அந்தக் கெட்டிக்காரரின் கடையில் ஊரே சுமாரான சரக்கைக் கொட்டும், அதுவும் சரியாக யோசித்துவிட்டுத்தான் கொட்டும்.

பத்தில் ஒரு முறை மட்டும் தப்பினால் இதே கணக்கு 36-க்கு 4, வித்தியாசம் 32, உழைப்பு தேறும். நாலில் ஒரு முறை தப்பினால் வித்தியாசம் சரியாக 20, செய்தாலும் ஒன்றுதான் செய்யாவிட்டாலும் ஒன்றுதான். அதற்கு மேல் தப்பத் தப்ப ஊக்கம் தேய்ந்துகொண்டே போய், பாதிக்குப் பாதி தப்பும்போது தவுக்கே காசைச் சுண்டிப் போட்டுத் தரம் சொல்வதற்குச் சமம். கவனிக்க வேண்டியது, இங்கே யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. தப்பு இரண்டு பக்கமும் சமமாகவே விழுகிறது, அப்படியும் ஊக்கம் செத்துப்போகிறது. ‘மொத்தத்தில் சரியாகிவிடும்’ என்று நாம் சொல்கிறோமே, விவசாயிக்கு வேண்டியது மொத்தம் இல்லை, ஒழுங்காகச் செய்த நாளுக்கும் செய்யாத நாளுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி.

ஒரு பக்கமாக மட்டும் தப்புகிறவர்கள் இரண்டு வகை. கருமித் தவுக்கே, சுமாரைச் சரியாகப் பிடிப்பார், நல்லதில் பத்துக்கு மூன்றைச் சுமார் என்று தள்ளுவார். இளகிய மனசுத் தவுக்கே, நல்லதை நல்லது என்பார், “பாவம், பிள்ளைகுட்டிக்காரர்” என்று சுமாரிலும் பத்துக்கு மூன்றை நல்லதாக ஏற்றுக்கொள்வார். கருமியிடம் நல்லவருக்கு 28, சுமாருக்குச் சுழியம். இளகியவரிடம் நல்லவருக்கு 40, சுமாருக்கு 12. இரண்டிலும் வித்தியாசம் அதே 28-தான்! கருமியை ஊர் திட்டும், இளகியவருக்கு நோன்புப் பெருநாளுக்கும் தீபாவளிக்கும் பலகாரம் போகும், ஆனால் நாளைக்கு உழைக்கலாமா வேண்டாமா என்ற முடிவில் இருவரும் செய்யும் கெடுதல் ஒரே அளவு. எனக்கு இது முதலில் பிடிக்கவில்லை. திரும்பப் போட்டுப் பார்த்தேன், கணக்கு மாறவில்லை.

கூடுதல் விலையை ஏற்றினால் சரியாகாதா என்று கேட்கலாம். ஆகும். பத்துக்கு மூன்று தப்பும் அதே தவுக்கே 40-க்குப் பதில் 60 கொடுத்தால் வித்தியாசம் 24 ஆகி, உழைப்பு மறுபடி தேறும். ஆனால் அந்த 60 தப்பாக நுழையும் சுமார் சரக்குக்கும்தான் போகும். கண் மங்க மங்க நல்ல தரம் வாங்குகிறவருக்கு விலை ஏறிக்கொண்டே போகிறது, ஒரு கட்டத்தில் அவர் “எல்லாம் ஒரே விலை, கொட்டிட்டுப் போ” என்று விட்டுவிடுகிறார்.

அதற்கு அடுத்தது என்ன என்று 1970-இல் ஜார்ஜ் அக்கர்லோஃப் என்ற பொருளியலாளர் பழைய கார் சந்தையை வைத்து எழுதினார். நல்ல கார் எது, ஓட்டை எது என்று வாங்குபவருக்குத் தெரியாது, அதனால் நடுவாந்திர விலைதான் கொடுப்பார். அந்த விலைக்கு நல்ல கார் வைத்திருப்பவர் விற்கமாட்டார், விலகுவார். மிச்சத்தின் சராசரி இறங்கும், விலையும் இறங்கும், அடுத்த நல்லவர் விலகுவார். 2001-இல் பொருளியல் நோபல் பரிசை வேறு இருவரோடு சேர்ந்து வாங்கினார். சிங்கப்பூரில் பழைய கார் வாங்குமுன் பரிசோதனை மையத்துக்கு அனுப்பி அறிக்கை கேட்கிறோமே, அது இந்தச் சரிவுக்குப் போடும் முட்டுக்கட்டை. கட்டிப்பாலை யார் எங்கே அனுப்புவது? தவுக்கேயும் ஊர் தண்ணீர் ஊற்றுவதைப் பார்த்து அம்பதை நாற்பத்தைந்து ஆக்குவார், அம்பதுக்கு நேர்மையாகக் கொண்டு வந்தவரும் அன்றிரவே வாளியைத் தேடுவார்.

இதில் என்னை உறுத்துவது வேறு. நான் வேலை பார்க்கும் இதே ஊரில், சிங்கப்பூர் பங்குச் சந்தையில், டிஎஸ்ஆர் 20 என்ற ரப்பருக்கு முன்பேர வணிகம் (பின்னால் தரப்போகும் சரக்குக்கு இன்றே விலை பேசுவது) நடக்கிறது. உலகத்து டயர் கம்பெனிகள் விலை பேசும்போது பார்க்கும் எண்களில் ஒன்று அது, அமெரிக்கக் காசுக் கணக்கில், தசமப் புள்ளியோடு. அந்த 20 என்பதே 0.20 சதவீத அழுக்கு என்ற வரம்பிலிருந்து வந்த எண். ஒரு காலத்தில் ரப்பர் ஷீட்டை வெளிச்சத்தில் பிடித்து, குமிழி, பூஞ்சை, கறை பார்த்து ஒன்று முதல் ஐந்து வரை கண்ணாலேயே தரம் சொன்னார்கள். 1965-இல் மலேசியா ஆய்வுக்கூட எண்களை வைத்துத் தரம் சொல்லும் முறையைக் கொண்டுவந்தது. அருமையான முன்னேற்றம், சந்தேகமில்லை. ஆனால் அந்த எண் ஆலையின் வெளிவாசலில் எடுக்கப்படுகிறது. ஆலைக்குள் நூறு பேருடைய கட்டியைக் கலந்து, கழுவி, அரைத்து, காயவைத்து, அப்புறம்தான் அளக்கிறார்கள். அங்கே தசமம் வரை துல்லியம், மாமாவின் சாக்கு மூட்டைக்கு ஒரு கத்தி, ஒரு “அம்பது”. மாமா சிங்கப்பூர் விலையைக் கைப்பேசியில் பார்ப்பார். தரத்துக்கு அவர் பார்ப்பது தவுக்கேயின் முகத்தை மட்டும்தான்.

அளக்காத விஷயம் என்ன ஆகும் என்பதற்கும் கட்டிப்பாலிலேயே உதாரணம் இருக்கிறது. பாலை உறைய வைக்க ஃபார்மிக் ஆசிட் நல்லது என்கிறார்கள். சல்ஃபியூரிக் மலிவு, ஆனால் ரப்பரின் தன்மையைக் கெடுக்கும். கட்டியைப் பார்த்து எந்த ஆசிட் என்று வாங்குபவர் லேசில் சொல்ல முடியாது. எது அதிகம் விற்கும் என்று நினைக்கிறீர்கள்?

தமிழ்நாட்டு நெல்லில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். மத்திய அரசின் ஆதரவு விலை 2025-26-க்குக் குவிண்டாலுக்குச் சாதாரண ரகம் 2,369 ரூபாய், ‘ஏ’ கிரேடு, அதாவது சன்ன ரகம், 2,389. வித்தியாசம் 20 ரூபாய், கிலோவுக்கு 20 பைசா. (மாநில அரசு மேலே ஊக்கத்தொகை சேர்க்கிறது, அதிலும் சன்னத்துக்குக் கொஞ்சம் கூட.) சன்னமா இல்லையா என்பதும் அரிசியின் நீளத்தை அகலத்தால் வகுத்துப் பார்க்கிற கணக்கு. சோறு மணக்குமா, மறுநாள் பழையதுக்குத் தாங்குமா என்பதெல்லாம் அந்தக் கணக்கில் கிடையாது. சிராங்கூன் ரோட்டில் அம்மா பொன்னி மூட்டை வாங்கும்போது ஒரு பிடி அள்ளி மோந்து பார்ப்பார், அந்த மோந்து பார்த்தலுக்குக் கொள்முதல் நிலையத்தில் இடமில்லை. அப்படியிருக்க ருசிக்காக விளைச்சலில் நாலு மூட்டையை யார் விடுவார்?

அங்கேயே ஈரப்பதத்துக்கு 17 சதவீதம் என்று ஒரு கோடு இருக்கிறது. கோட்டுக்கு மேலே போனால் எடுக்கமாட்டார்கள், கீழே இருந்தால் எடுப்பார்கள். 14-க்குக் காயவைத்தவருக்கும் 16.9-இல் நிறுத்தியவருக்கும் கிலோவுக்கு ஒரே காசு, அதோடு 14-க்காரருக்கு எடையும் குறைவு. அதனால் எல்லோருடைய நெல்லும் கோட்டை ஒட்டியே வந்து நிற்கும். கருவி ஒரு புள்ளி கூடக் காட்டினால், காயவைத்த உழைப்பு மொத்தமும் போய், நெல்லைத் திரும்ப ரோட்டில் பரப்ப வேண்டும். இப்படிக் கோடு போட்டுத் தரம் பிரிக்கிற இடத்தில், கோட்டுக்குப் பக்கத்தில் நிற்பவருக்குத்தான் கருவியின் தப்பு உயிர்ப் பிரச்சினை. வெகுதூரம் தள்ளி இருப்பவருக்கு அது காற்றோடு போகும்.

அளவு கருவி வந்ததும் ஊரே மாறிய கதையும் உண்டு. 1890-இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஸ்டீஃபன் பாப்காக் பாலில் கொழுப்பை அளக்க ஓர் எளிய சோதனை கண்டுபிடித்தார். பாலோடு சல்ஃபியூரிக் ஆசிட் சேர்த்து, சுழற்றி, பாட்டிலின் கழுத்தில் மிதந்து நிற்கும் கொழுப்பைக் கோடு பார்த்துப் படிக்க வேண்டியதுதான். அதற்கு முன் பாலுக்கு எடைக்குக் காசு, ஆகவே தண்ணீர் கலந்தவரும் ஆடை எடுத்தவரும் பிழைத்தார்கள், நல்ல மாடு வளர்த்தவர் முட்டாளானார். சோதனை வந்த பிறகு கொழுப்புக்குக் காசு. அவர் அதற்குக் காப்புரிமைகூட வாங்கவில்லை. இன்று நம் ஊர்ப் பால் சொசைட்டியில் சின்ன மாதிரி எடுத்துக் கொழுப்பும் மற்ற திடப்பொருளும் பார்த்து விலை போடுவதற்குப் பின்னால் இருப்பது அதே யோசனை.

ஆனால் கருவி எதைப் பார்க்கிறதோ அதற்குத்தான் காசு, கருவி பார்ப்பதைப் போலியாகச் செய்யவும் முடியும். 2008 நினைவிருக்கிறதா? சிங்கப்பூரில் சீனத்துப் பால் பொருள்களை எல்லாம் கடைகளிலிருந்து எடுத்தார்கள், சின்ன வயதில் தாளோடு தின்ற ஒயிட் ராபிட் மிட்டாய் உட்பட. அங்கே பாலின் புரதத்தை நைட்ரஜன் அளவை வைத்துக் கணக்கிட்டார்கள். தண்ணீர் கலந்த பாலில் நைட்ரஜன் குறையும், நைட்ரஜன் நிறைந்த மெலமைன் என்ற ரசாயனத்தைப் போட்டால் ஏறும். போட்டார்கள். சுமார் மூன்று லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள், ஆறு குழந்தைகள் இறந்தார்கள். கண் மதிப்பில் தப்பும் தவுக்கே ஊரைச் சோம்பேறியாக்குவார், அவ்வளவுதான். ஒரே ஓர் எண்ணை நம்பி மற்ற எதையும் பார்க்காத கருவியோ வேறு மாதிரி ஆட்களை உள்ளே இழுக்கிறது.

இன்னொரு சங்கதி, தரம் பிரிப்பது உண்மையில் சரியாகவே நடந்தாலும் விவசாயி நம்பாவிட்டால் பலனில்லை. வியட்நாமில் பால் கம்பெனிக்கு ஊற்றும் பண்ணைக்காரர்களை வைத்து நடத்திய பரிசோதனை ஒன்று 2014-இல் வெளியானது. கம்பெனிதான் பாலைச் சோதிக்கும், கம்பெனிதான் விலை போடும். சிலருக்கு மட்டும் வெளி ஆய்வுக்கூடத்தில் தங்கள் பாலைத் தனியே சோதித்துக்கொள்ள வவுச்சர் கொடுத்தார்கள். கம்பெனி ஏமாற்றவில்லை என்றுதான் தெரிந்தது. ஆனாலும் வவுச்சர் கிடைத்தவர்கள் மாட்டுக்குத் தீவனச் செலவைக் கூட்டினார்கள், பாலும் கூடியது. அதற்கு முன் சந்தேகம் ஒன்றே அவர்கள் கையைக் கட்டிப் போட்டிருந்திருக்கிறது. சோதிக்கிறவரும் காசு கொடுக்கிறவரும் ஒருவராக இருக்கக்கூடாது என்பது நம் பாட்டிகளுக்கே தெரியும், வீட்டில் வடையை எண்ணுபவர் வேறு, பங்கு வைப்பவர் வேறாகத்தான் இருப்பார்கள்.

அப்படியானால் மாமா வீட்டு வாசலில் ஓர் ஆய்வுக்கூடம் வைத்தால் தீர்ந்ததா? 50 கிலோ ரப்பருக்கு ஒரு சோதனை என்றால் சோதனைக் கூலியே லாபத்தைத் தின்றுவிடும். ஆயிரம் ஏக்கர் எஸ்டேட்டுக்கு அது ஒரு பொருட்டே இல்லை, அவர்கள் நேராக ஆலையோடு பேசி மாதிரி எடுத்து டிஆர்சி பார்த்துக்கொள்வார்கள். கண் மதிப்பின் பழி எல்லாம் நாலு ஏக்கர்காரர் தலையில்தான் விழுகிறது. கொஞ்சம் தப்பு இருக்கட்டும், நாலில் ஒன்றுக்குக் கீழே இருந்தால் போதும் என்று விட்டுவிடுவதுதான் பல இடங்களில் கட்டுப்படியாகும். அது எந்த இடத்தில் போதும் என்பது கூடுதல் விலையையும் உழைப்புச் செலவையும் பொறுத்தது, மேலே போட்ட கணக்கில் எண்களை மாற்றிப் பாருங்கள், தெரியும்.

மாமா இதற்கு ஒரு வழி பிடித்திருக்கிறார். அவரும் பக்கத்துத் தோட்டக்காரர்கள் இரண்டு பேரும் சேர்ந்து, மூன்று பேர் சரக்கையும் ஒரே லாரியில் ஏற்றி ஆலைக்கே கொண்டு போவதாக ஏற்பாடு. அங்கே மாதிரி எடுத்துக் காயவைத்து உண்மையான டிஆர்சி சொல்கிறார்கள். முதல் நடையில் 58 வந்ததாம், மாமாவுக்கு வாயெல்லாம் பல். இரண்டாம் நடையில் 52.

இப்போது மூன்று பேரில் யார் வடிய விடவில்லை? லாரியில் எல்லாம் கலந்தாயிற்று, காசு எடைப்படி மூன்று பங்கு. தவுக்கே செய்த அதே வேலையை இவர்களே ஒருவருக்கொருவர் செய்துகொண்டிருக்கிறார்கள், எல்லோருக்கும் ஒரே சதவீதம். ஒரு வித்தியாசம், இங்கே மூன்று கொட்டகையும் ஒரே சாலையில் இருக்கின்றன. போன வாரம் பேசியபோது மாமா சொன்னார், சாயங்காலம் நடைப்பயிற்சி ஆரம்பித்திருக்கிறாராம். டாக்டர் சொன்னாரா என்று கேட்டேன்.

“டாக்டரா? அந்தாளு கொட்டகைக்குக் கீழே தரை ஈரமா இருக்கான்னு பார்த்துட்டு வரேன்.”